அறிக்கையில் இல்லாத அடுப்படி

குறுகிய கால மிஷன் பயணம் போய்த் திரும்பியவர்கள் தங்கள் சபையில் அறிக்கை வாசிக்கும் மாலைகள் பலவற்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன். படங்கள் அநேகமாக ஒரே வரிசையில்தான் வரும். முதலில் விமான நிலையத்தில் ஒரே நிறச் சட்டையில் குழு. பிறகு குழந்தைகள், அதில் ஒரு குழந்தை கட்டாயம் யாருடைய கறுப்புக் கண்ணாடியையாவது மாட்டிக்கொண்டு சிரிக்கும். பாதி எழும்பிய சுவர், முழுதும் எழும்பிய சுவர், சுவருக்கு முன்னால் மறுபடியும் குழு. கடைசியில் ஒருவர் தொண்டை அடைக்க, கொடுக்கப் போனோம், பெற்றுக்கொண்டு வந்தோம் என்பார். விளக்கைப் போடுவார்கள். தேநீர் வரும்.

இதை ஓர் எழுத்து வகை என்றே நான் சொல்வேன். சிறுகதைக்கு இருப்பதைப் போல இதற்கும் ஒரு வார்ப்பு இருக்கிறது. நானும் இந்த வகையில் ஒன்றை எழுதி, மேடையில் நின்று வாசித்து, கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இருபத்தைந்து ஆண்டு கழித்து அந்த அறிக்கையை ஒரு விமர்சகியாகத் திரும்ப வாசிக்கும் முயற்சி இது.

1998 அக்டோபர் கடைசியில் மிட்ச் புயல் மத்திய அமெரிக்காவைப் புரட்டிப்போட்டது. ஹோண்டுராஸில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தெற்கே சொலுதேக்கா என்ற ஊரில் ஜப்பானியர் கட்டிக்கொடுத்திருந்த புதுப் பாலம் அப்படியே நின்றது. அதன் கீழே ஓடிய ஆறுதான் வேறு வழியாகப் போய்விட்டது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் வட அமெரிக்கச் சபைகள் வீடு கட்டித்தரக் குழு குழுவாகக் கிளம்பின. அப்போது நான் அமெரிக்காவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். நான் போய்க்கொண்டிருந்த சபை 2000-ஆம் ஆண்டு பதினான்கு பேரை எட்டு நாளுக்கு அனுப்பியது. அதில் நானும் ஒருத்தி. 'உள்ளூர் விசுவாசிகளைத் தாங்குவதற்காக' என்று நன்கொடை கேட்டு நாங்கள் அனுப்பிய கடிதத்தில் இருந்தது.

அந்த உள்ளூர் விசுவாசிகள் நாற்பது பேர் இருப்பார்கள். தகரக் கூரை ஆலயம். அதன் பின்புறம் ஒரு சாய்ப்பு, அதற்குள் மண் அடுப்பு, வெளியே பிலா என்று அவர்கள் சொல்லும் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி. முதல் நாள் விடியற்காலம் நாலு மணிக்குத் தட்தட் என்று ஒரு சத்தம் கேட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். மூன்று பெண்கள் டோர்ட்டியா தட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின இரவே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து, கழுவி, அரைத்து வைத்திருந்தார்கள். பதினான்கு பேருக்கும் கொத்தனார்களுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் மூன்று வேளை. இவர்கள் குடிக்கிற தண்ணீரைக் குடித்தால் எங்களுக்கு வயிறு கெடும் என்பதால் எங்களுக்குத் தனியாகக் கொதிக்கவைத்த தண்ணீர். நாங்கள் போன பிறகு கழிப்பறை கழுவுவதும் அவர்கள்தான் என்பது மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது.

மூவரில் மூத்தவரை எல்லோரும் எர்மானா என்று கூப்பிட்டார்கள். சகோதரி என்று பொருள். சபைக்குள் எல்லாப் பெண்களும் எர்மானாதான். என்னுடைய அரைகுறை ஸ்பானிஷில் பேசிக்கொண்டு நானும் மாவு தட்ட உட்கார்ந்தேன். எனக்கு வட்டம் வரவில்லை. சிரித்தார். நீங்கள் இங்கே வர விமானத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் டாலர் என்றேன். பதினான்கு பேர், என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கல்லில் கிடந்ததைத் திருப்பிப் போட்டார்.

திரும்பி வந்து அறிக்கைக்குப் படம் தேர்ந்தெடுத்தவள் நான். முப்பத்தாறு படங்களில் ஒன்றுகூட அந்தச் சாய்ப்பைக் காட்டவில்லை. அவர்கள் ஏழைகள், ஆனால் அவர்களுடைய விருந்தோம்பல் எங்களை வெட்கப்படுத்தியது என்று எழுதியிருந்தேன். 'அவர்கள்' என்ற அந்தச் சொல்லுக்குள் மூன்று பெண்களின் எட்டு நாள் தூக்கம் காணாமல் போயிருக்கிறது.

இதைக் காணாமல்போக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஏனென்றால் நான் அடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து வந்தவள். திருநெல்வேலிச் சீமையில் எங்கள் கிராமத்துச் சபைக்கு நான் சிறுமியாக இருந்தபோது வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து பத்து நாள் தங்கியது. குருமனையில் இடம் போதாமல் எங்கள் வீட்டிலும் இரண்டு பேர். ஆச்சி காலையிலிருந்து வெந்நீர் போட்டபடி இருப்பாள். "ஏ பிள்ள, அவியளுக்கு உள்ள தண்ணிய ஆத்தி வச்சியா? ஒரப்பு இல்லாம தனியா ஒரு சட்டி எறக்கு" என்று அம்மாவை விரட்டுவாள். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி தனியாக எடுத்துவைத்து, பெண்கள் அதை ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுபோவது வழக்கம். அந்தப் பத்து நாளில் பெண்கள் சங்கத்துப் பானை அடிவரைக்கும் காலியானது. ஆறு மாதம் கழித்து அந்தச் சபையின் செய்திமடல் ஐயருக்கு வந்தது. அவர் பிரசங்கத்தில் மொழிபெயர்த்து வாசித்தார். எளிய மக்களின் தாராள மனசு பற்றி ஒரு பத்தி இருந்தது. ஆச்சி பெருமையோடுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். (மிசோரமில் இதே கைப்பிடி அரிசியைப் பெண்கள் 1910-இல் தொடங்கி இன்றுவரை நடத்துகிறார்கள். அந்த அரிசிதான் அங்கே பெரிய மிஷன் நிதி. அடுப்படி மிஷனைத் தாங்கியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.)

இந்தப் பயணங்களைப் பற்றிய கடுமையான விமர்சனம் புதிதல்ல. 1968 ஏப்ரலில், மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவை செய்யக் கிளம்பியிருந்த அமெரிக்க மாணவர்களிடம், தங்கள் நல்லெண்ணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்படி சொன்னவர் இவான் இலிச். அவரும் கத்தோலிக்கக் குருவாக இருந்தவர்தான். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவருடைய வாதம். முதல் முறை வாசித்தபோது எனக்குக் காது சூடாகியது. இரண்டாம் முறை வாசிக்கும்போது ஓர் இடத்தில் நின்றேன். ஏழைகளின் விருந்தோம்பலை, கைம்மாறு செய்யவே முடியாத கொடை என்று அவர் உயர்த்திப் பேசுகிறார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கொடையைக் கொடுத்தது கிராமம் அல்ல, கிராமத்தின் பெண்கள். கைம்மாறு முடியாது என்று சொல்லிவிட்டால் கூலி கேட்கும் பேச்சே எழாது. திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் கொடுத்து அதை இல்வாழ்வானின் புகழாக்கி வைத்திருக்கும் நமக்கு இந்தத் தந்திரம் புரியாமல் போகாது.

அடுத்து, கர்ட் வெர் பீக். ஹோண்டுராஸிலேயே வாழ்ந்த சமூகவியலாளர். மிட்சுக்குப் பின் குழுக்கள் கட்டிய வீடுகளை ஆராய்ந்து 2006-இல் அவர் வெளியிட்ட கட்டுரையை நான் வாசித்தது மிகத் தாமதமாக. பயணச் செலவையும் சேர்த்தால் குழுவினர் கட்டிய ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 30,000 டாலர் ஆகியிருக்கிறது. அதே போன்ற வீட்டை உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு 2,000 டாலரில் கட்டியிருக்கிறது. குடியேறிய குடும்பங்களின் வாழ்க்கையில் யார் கட்டிய வீடு என்பதால் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. போய்வந்தவர்களிடமும் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் நீடிக்கவில்லை. எர்மானா அடுப்படியில் மனக்கணக்காகப் போட்டதை அவர் ஆய்வாகப் போட்டிருந்தார். நேர்மையான கணக்கு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஒப்பீட்டின் இரண்டு பக்கமும் வீட்டின் விலைதான். டோர்ட்டியாவுக்கு அங்கே வரி இல்லை. சம்பளம் இல்லாத வேலை, செலவில் வராது. செலவில் வராதது, வீண்செலவைக் கண்டிப்பவரின் கண்ணிலும் படாது.

பார்பரா கிங்சால்வரின் 'தி பாய்சன்வுட் பைபிள்' (1998) நாவலை இந்த இடத்தில் நான் நினைத்துக்கொள்கிறேன். 1959-இல் ஜார்ஜியாவிலிருந்து ஓராண்டுக்கு என்று காங்கோ போகிற பாப்டிஸ்ட் போதகர் நேதன் பிரைஸின் கதையை அவர் வாயால் அல்ல, மனைவி ஒர்லியான்னாவும் நான்கு மகள்களுமே சொல்கிறார்கள். ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்தே தீருவேன் என்று நேதன் நிற்கிறார். ஊரார் பிள்ளைகளை ஆற்றுக்கு அனுப்ப மறுக்கிறார்கள். காரணத்தைச் சொல்வது வீட்டில் சமைத்துப்போடும் மாமா தாதாபா: அந்த ஆற்றில் ஒரு சிறுமியை முதலை கொன்றிருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி, சமையல் செய்கிற பெண் வழியாகத்தான் பிரசங்கியாருக்கு வந்து சேருகிறது. தண்ணீர் சுமந்து, கொதிக்கவைத்து, சமைத்து முடிப்பதே ஒரு முழு வாழ்க்கை என்பதை ஒர்லியான்னா தன் முதுகால் கற்றுக்கொள்கிறாள். இந்தப் பொருளில் அடுப்படியைப் பக்கம் பக்கமாக எழுதிய இன்னொரு நாவலை நான் வாசித்ததில்லை. ஒரு குறை: ஐந்து குரலும் அமெரிக்கக் குரல். மாமா தாதாபா கோபித்துக்கொண்டு கிளம்பிப்போனதும் நாவல் அவள் பின்னால் போவதில்லை. வந்தவர்கள் வீட்டிலேயே நின்றுவிடுகிறது.

சரி, கிறிஸ்தவர்கள் தங்கள் வேதத்திலேயே தேடிப் பார்க்கட்டும் என்று சொல்பவர்களுக்காக ஒரு சொல். மார்த்தாள் கதை நமக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே மனப்பாடம். மரியாள் இயேசுவின் பாதத்தில் உட்கார்ந்து கேட்கிறாள், மார்த்தாள் வேலையில் அல்லாடுகிறாள், முறையிடுகிறாள், கண்டிக்கப்படுகிறாள். லூக்கா பத்தாம் அதிகாரத்தில் மார்த்தாள் செய்ததற்குக் கிரேக்கத்தில் இருக்கும் சொல் டியாகொனியா. அதே லூக்கா எழுதியதாகக் கொள்ளப்படும் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் அப்போஸ்தலர்கள் பிரசங்கம் செய்வதற்கும் அதே டியாகொனியாதான். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் ஆண்கள் செய்தது 'ஊழியம்' என்று வந்திருக்கிறது. மார்த்தாள் செய்தது 'வேலை'. எலிசபெத் ஷூஸ்லர் ஃபியொரென்சா போன்ற பெண்ணிய இறையியலாளர்கள் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். நான் கிரேக்கம் படித்தவள் அல்ல. ஆனால் எங்கள் அறிக்கையில் நாங்கள் சுவர் எழுப்பியது 'ஊழியம்', அவர்கள் சமைத்தது 'விருந்தோம்பல்' என்று நான் எழுதியதன் வேர் எங்கே என்று இப்போது தெரிகிறது.

இங்கே என் வாதத்தை நானே இடறவேண்டியிருக்கிறது. எங்கள் பதினான்கு பேரில் ஒன்பது பேர் பெண்கள். மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர் கடைசி நாள் இரவு அழுதார். கல்யாணத்துக்குப் பிறகு எட்டு நாள் தொடர்ந்து தான் சமைக்காமல் இருந்தது இதுவே முதல் முறை என்றார். அவருக்கு அந்தப் பயணம் ஆன்மிக அனுபவமா, அடுப்படியிலிருந்து விடுதலையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஒரு பெண்ணின் எட்டு நாள் விடுதலையை இன்னொரு பெண்ணின் எட்டு நாள் அடுப்பு சுமந்தது. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு அன்றும் இல்லை, இன்றும் இருக்குமா தெரியாது.

எர்மானாவையும் நான் பாவமாக்கிவிடக் கூடாது. சந்திரா தல்பாடே மொகந்தி 1984-இலேயே எச்சரித்த தவறு அது: மூன்றாம் உலகப் பெண் என்ற ஒற்றைப் பொம்மையைச் செய்து, அதற்குக் கண்ணீரை மட்டும் வரைவது. எர்மானாவின் கையில் கரண்டி இருந்ததால் போதகர்கூட அவரிடம் பார்த்துத்தான் பேசினார். யார் முதலில் சாப்பிடுவது என்பதை அவர் தீர்மானித்தார். கொத்தனார்களுக்குப் பிறகே எங்களுக்கு. வேலை முடியும் தறுவாயில் இரண்டு மூட்டை சிமெண்டை அந்தச் சாய்ப்புக்குத் தரை போட வாங்கிக்கொண்டார். கேட்கவில்லை, எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னார். எங்கள் குழுத் தலைவர் அதைச் செலவுக் குறிப்பில் 'சேதம்' என்று எழுதினார்.

போன ஆண்டு, சென்னையில் நான் போகும் சபையில் இலங்கை மலையகத்துக்கு ஏழு நாள் பயணம் என்று பேச்சு வந்தது. தேயிலைத் தோட்டத்துச் சபை ஒன்றின் விசுவாசிகளைத் தாங்குவதற்காக, பத்துப் பேர். அனுபவம் உள்ளவள் என்று என்னையும் குழுவில் சேர்த்தார்கள். யார் சமைப்பது என்று கேட்டேன். "அக்கா, அதெல்லாம் அங்க உள்ளவங்க சந்தோஷமா செய்வாங்க. காசு குடுத்தா வருத்தப்படுவாங்க" என்றார் செயலாளர். அதுவரை வாய் திறக்காத ஓர் அம்மா, "யாராச்சும் கேட்டுப் பாத்தீங்களா?" என்றார்.

கேட்டோம். போதகர், எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "எத்தன பேரு வாறீங்க? எத்தன நாளு?" என்று கேட்டார். பிறகு சொன்னார்: "அப்ப ரெண்டு பொம்பளைங்களுக்கு ஏழு நாளு பேர் போயிரும், அக்கா." தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்குப் பதிவாகும் கணக்கு. கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர், மலைக்குப் போகாவிட்டால் பேரே இல்லை, அன்றைய கூலியும் இல்லை.

இரண்டு பேர், ஏழு நாள் என்று எழுதிக் கொடுத்தேன். வரவுசெலவு அச்சாகி வந்தது. விமானக் கட்டணம், விசா, உள்ளூர்ப் போக்குவரத்து, பரிசுப் பொருட்கள், குழுவின் சட்டைகள், எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி. அந்தப் பதினான்கு பேர் 'இதர செலவுகள்' என்ற வரிக்குள் போயிருந்தன. தனி வரியாகப் போடச் சொல்லி மறுபடி எழுதியிருக்கிறேன். அடுத்த கூட்டம் ஈஸ்டருக்குப் பிறகு.