ஒரே இலையில் ஏறும் கொடி: தோட்டத்துப் பெரணியை ரசிப்பது எப்படி?

கெடாவின் சுங்கை பட்டாணியிலிருந்து கூலிம், பாலிங் பக்கம் போகும் தோட்டத்துச் சாலைகளில் வேலிக் கம்பியைப் பாருங்கள். பழைய பால்மரத்தையும் பாருங்கள். மெல்லிய கம்பியாய்ச் சுற்றி ஏறி, சின்னச் சின்னப் பச்சை இலைகளை விரித்திருக்கும் ஒரு கொடி கண்ணில் படும். மலாய்க்காரர்கள் ‘ரிபு-ரிபு’ என்பார்கள். தாவரவியலில் அது லைகோடியம் என்னும் கொடிப்பெரணி. தோட்டத்துக் கணக்கில் அது களை, மருந்தடித்தால் தீர்ந்தது. ஆனால் நிலக்கரியாகிப்போன பழங்காடுகளைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய பள்ளிக்கூடம் கிடையாது.

இலை எங்கே தொடங்குகிறது?

கொடியின் நுனியைப் பிடித்து, அறுந்துவிடாமல் கீழ்நோக்கித் தடவிக்கொண்டே வாருங்கள். தண்டு என்று நினைத்தது தண்டே அல்ல. தண்டு மண்ணையொட்டி ஊர்ந்துகிடக்கிறது. மேலே சுற்றி ஏறுவது முழுக்க ஒரே இலை. கையில் பிடித்திருக்கும் ‘கம்பி’ அந்த இலையின் நடுக்காம்பு. மற்றப் பெரணிகளின் இலை ஓர் அளவோடு நின்றுவிடும். இது நுனியில் வளர்ந்துகொண்டே பல மீட்டர் போகும். சிற்றிலைகள் இரண்டாகப் பிரியும் கவட்டில் ஒரு சிறு மொட்டு உறங்குவதையும் கவனியுங்கள். நுனி ஒடிந்தால் அது விழித்து வளரும். மரம்போல் அடிமரம் கட்டச் செலவழிக்காமல், அடுத்தவர் தோளில் ஏறி வெளிச்சம் பிடிக்கும் வித்தை இது.

ஓரத்தைப் பாருங்கள்

வெயில் படும் மேற்பகுதியில் சில சிற்றிலைகளின் ஓரம் குஞ்சம் கட்டியதுபோல் இருக்கும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸில் பார்த்தால், ஒவ்வொரு குஞ்சத்திலும் இரண்டு வரிசையாகச் சிறு மூடிகள் தெரியும். மூடிக்கு ஒன்றாக ஸ்போர் பை ஒளிந்திருக்கும். இந்தக் குஞ்சம்தான் லைகோடியத்தின் கையெழுத்து. கல்லில் பதிந்த இலையின் வடிவம் ஏமாற்றலாம். குஞ்சமும் சேர்ந்து கிடைத்தால் சந்தேகத்துக்கு இடம் குறைவு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சுமார் 9 கோடி ஆண்டுப் பழைய படிவுகளிலேயே லைகோடியம் கிடைத்திருக்கிறது.

செம்பனை மரத்தடியில் நில்லுங்கள்

கொடியை விட்டுச் செம்பனைக்கு வாருங்கள். வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டைகள் மரத்தைச் சுற்றிப் பல ஆண்டுகள் ஒட்டியிருக்கும். இடுக்குகளில் மக்கு சேரும்; மக்கில் பெரணிகள் குடியேறும். ஒரே மரத்தில் எத்தனை வகை இலை தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அடியில் ஒரு வகை, நடுவில் ஒன்று, மேலே வேறொன்று என்று இருக்கலாம்.

இதே குடித்தனம் சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் நடந்தது. எரிமலைச் சாம்பலில் புதைந்து கல்லான ஜெர்மனியின் கெம்னிட்ஸ் காட்டில் சாரோனியஸ் என்ற மரப்பெரணி கிடைக்கிறது. அதன் ஒல்லித் தண்டைச் சுற்றித் தடித்த வேர்ப்போர்வை இருந்தது. அந்த வேர்களுக்கிடையே ஆன்கிராப்டெரிஸ் போன்ற ஏறுபெரணிகள் வாழ்ந்ததை, வெட்டி மெருகேற்றிய கற்களிலேயே பார்க்க முடிகிறது.

ஒரு எச்சரிக்கை: ஆன்கிராப்டெரிஸ் நம் ரிபு-ரிபுவின் பாட்டன் அல்ல. அந்த வம்சம் அழிந்துவிட்டது. ஏறும் பழக்கம் மட்டும் வேறு வேறு குடும்பங்களில் திரும்பத் திரும்பத் தோன்றியது. ரசிக்கவேண்டியது உறவுமுறையை அல்ல, அந்தப் பிழைப்பு வழியை.

அப்போது கெடா எங்கே இருந்தது?

30 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலக்கரிச் சதுப்புக்காடுகள் நிலநடுக்கோட்டை ஒட்டியிருந்த இன்றைய ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செழித்தன. நம் நிலமோ தெற்கே, கோண்ட்வானாவின் ஓரத்தில் இருந்தது. லங்காவியின் சிங்கா பாறை அடுக்கில் அதற்குச் சாட்சி உண்டு: பனிப்பாறைகள் மிதந்து வந்து உருகியபோது கடலடிச் சேற்றில் உதிர்த்த கற்கள். 2007இல் யுனெஸ்கோ ஆதரவு பெற்ற புவிப்பூங்காவான லங்காவிக்குப் படகேறும்போது, கடற்கரையோடு நிற்காமல் இந்தக் கற்களைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். பெரணி ஏறும் இந்த வெப்பமும் ஈரமும் நம் மண்ணுக்குப் பின்னால் வந்த வரவு.

கல்லிடம் கேட்க நான்கு கேள்விகள்

அருங்காட்சியகத்தில் பெரணி பதிந்த கல்லைப் பார்த்தால் ‘அழகு’ என்று நகர்ந்துவிடாதீர்கள். காம்பு நேராக இருக்கிறதா, வளைந்து சுற்றியதா? ஓரத்தில் ஸ்போர் பைகள் உண்டா? பக்கத்தில் எந்த மரத்தின் தண்டு கிடக்கிறது? கரித்துண்டு இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. நம் பக்கத்துச் சிற்றிலை லைகோடியம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய்க் காட்டை மூடி, தரையில் எரியும் தீயை மரஉச்சிவரை ஏற்றும் ஏணியாகிவிட்டது. பழைய நிலக்கரியிலும் தீயில் கருகிய மரத்துண்டுகள் உண்டு. அந்தச் சதுப்புக்காடுகளும் எரிந்தவைதான். எரிந்த காட்டில் ஏறுகொடிகளுக்கு என்ன பங்கு என்று யோசிக்கத் தொடங்கினால், நீங்கள் கல்லைப் பார்ப்பதை விட்டுக் காட்டைப் பார்க்கிறீர்கள்.

தோட்டத்துக்குள் போகுமுன் அனுமதி கேளுங்கள். மருந்தடித்த பகுதிகளில் எதையும் தொடாதீர்கள். நீளக் காற்சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள்; மட்டை அடுக்குகளில் பாம்பு இருக்கும்.