கொல்லிப்பாவையும் திரைப்பாவைகளும்

சேந்தமங்கலத்தில் எங்கள் தெருவிலிருந்து நோக்கினால் கொல்லிமலை தெரியும். காற்றும் இடியும் மழையும் தாக்கினும் வடிவு சிதையாத பாவையொன்று அம்மலையில் நிற்பதாக நற்றிணைப் புலவர் பாடினார். சிரித்தே உயிரைக் கவர வல்லது அப்பாவை என்றும் ஒரு வழக்குண்டு. அதனை நான் கண்டதில்லை. ஆயினும் அதன் தங்கைமாரை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் நாள்தோறும் காண்கிறேன்.

ஏழு வயதுப் பேத்தி ஒருநாள் என்னிடம் வந்து, “நன்னா, நான் ஏன் அந்த இளவரசி மாதிரி வெள்ளையா இல்லே?” என்று கேட்டாள். மதரஸாவில் எத்தனையோ ஆண்டுகள் மாணவர்தம் ஐயங்களைத் தீர்த்த எனக்கு அன்று நா எழவில்லை. அவள் பார்க்கும் சித்திரப் படங்களை நானும் உடனமர்ந்து பார்த்தேன்.

டிஸ்னி நிறுவனத்தின் முதல் முழுநீளச் சித்திரப் படம் 1937இல் வெளிவந்தது. அதன் நாயகிக்குப் பெயரே ‘ஸ்னோ ஒயிட்’, அதாவது பனிவெண்மை. உலகில் அழகி யார் என்று மாற்றாந்தாய் கண்ணாடியிடம் கேட்பதில் கதை தொடங்குகிறது. 1989இல் வந்த ‘லிட்டில் மெர்மெயிட்’ படத்தின் கடற்கன்னி, தன் குரலை விலையாகக் கொடுத்துக் கால்களைப் பெறுகிறாள். பேச்சிழந்தாலும் அழகு போதும் என்று அவளைத் தேற்றும் சூனியக்காரி பருத்த உடலினள். நல்லவள் மெலிந்தவள், தீயவள் பருத்தவள் என்னும் பாடம் பிள்ளை நெஞ்சில் ஓசையின்றிப் பதிந்து விடுகிறது.

அலாவுதீன் பழங்கதையில் இளவரசியின் பெயர் பத்ருல் புதூர். முழுமதிகளுள் முழுமதி என்பது பொருள். கதை நிகழுமிடம் சீன நாடு. 1992ஆம் ஆண்டுப் படம் அவளை ஜாஸ்மின் என்னும் அரபுப் பெண்ணாக்கியது. நம் பிள்ளைகளின் நிறத்தை ஒத்த ஒருத்தி வந்தாளே என மகிழலாம். ஆனால் அவள் இடையோ ஒரு கைப்பிடியளவே! இடையே இல்லையெனப் பாடி மகிழ்ந்த நம் புலவர்களுக்கும் இப்பழியில் பங்குண்டு.

நல்லதையும் மறைத்தலாகாது. 2013இல் வந்த ‘ஃப்ரோஸன்’ படத்தில் உயிர் காப்பது உடன்பிறந்தாள் அன்பே. 2016இன் ‘மோவானா’வில் மாநிறத் தீவுப் பெண் தானே படகைச் செலுத்திக் கடல் கடக்கிறாள், மணமகனைத் தேடவில்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ள 121 சிறுமியரிடம் நடத்திய ஆய்வொன்று 2010இல் வெளியாயிற்று. ஏறத்தாழப் பாதிப்பேர் பருத்துவிடுவோமோ என அஞ்சினர். எனினும் இளவரசிப் படக் காட்சிகளைக் கண்டதால் அப்போதைக்கு அவ்வச்சம் மிகவில்லை. அச்சம் முன்னரே அவர்களிடம் குடியேறியிருந்தது.

அதனை விதைத்தவர் யார்? “வெயிலில் ஆடாதே, கறுத்துப் போவாய்” என்று என் பேத்தியிடம் பன்முறை சொன்னவன் நானே. பெண் பார்க்கச் செல்வோர் முதலில் விசாரிப்பதும் நிறத்தையே அன்றோ? ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு 2020இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. நம் நாக்கு இன்னும் மாறவில்லை. திரை வினாவை எழுப்புகிறது. வீடே கண்ணாடியாக நின்று விடை சொல்கிறது.

ஆகவே பெற்றோரே, தொலைக்காட்சியை அணைப்பதோடு கடமை முடிந்ததென்று எண்ணாதீர். உடனமர்ந்து பாருங்கள். “இவள் குரலை விற்றது சரிதானா?” என்று பிள்ளையிடம் கேளுங்கள். அவள் நிறத்தைக் குறைகூறும் சொல்லை உங்கள் இல்லத்தினின்று அகற்றுங்கள். பாவையின் வடிவு என்றும் மாறாது. நம் பிள்ளையோ நாளும் வளர்பவள். வளரும் உயிரை வளராத பாவையைக் கொண்டு அளப்பது அறிவாகாது. படைத்தவன் தந்த நிறத்தில் குறையில்லை. குறை நன்னாவின் சொல்லில்தான் இருந்தது என்று என் பேத்தியிடம் ஒப்புக்கொண்டேன். அதுவே அவள் வினாவுக்கு நான் கண்ட விடை.