ராயப்பேட்டைக்கு சைக்கிளில் போகிறேன்!

திருவான்மியூரிலிருந்து ராயப்பேட்டைக்குத் தினமும் சைக்கிளில் ஆபீஸ் போகிறேன் என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவரிடமிருந்து கேள்விகள் சரமாரியாக வரும். "வேர்க்காதா சார்?" "பஸ்காரன் இடிச்சுட்டுப் போயிட்டா?" "மழை வந்தா?" "நடுவழியில பஞ்சர் ஆனா?" கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இவ்வளவு நல்ல வேலையில இருந்துக்கிட்டு சைக்கிள்லயா?" கேளுங்கள், எத்தனை வேண்டுமானாலும் கேளுங்கள்! இதைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்தால் எனக்கு டீ ஆறுவதுகூடத் தெரியாது. ராத்திரி சாப்பாட்டில் "இன்னிக்குப் பாலத்து மேல..." என்று நான் ஆரம்பித்ததுமே மகள் சிரிக்கத் தொடங்கிவிடுகிறாள். சிரிக்கட்டும். இந்தச் சந்தோஷத்தை மறைத்து வைக்க என்னால் ஆகாது.

வேர்வையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சென்னைக்காரன் எங்கே வேர்க்காமல் இருந்தான்? பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது வேர்க்கவில்லையா? சிக்னலில் ஹெல்மெட்டுக்குள் தலை வேகவில்லையா? ஆனால் சைக்கிளில் ஒரு அதிசயம் நடக்கிறது பாருங்கள், மிதித்துக்கொண்டு இருக்கும்வரை முகத்தில் மோதுகிற காற்று வேர்வையை உடனுக்குடன் உலர்த்தி உடம்பைக் குளிர்த்திக்கொண்டே வருகிறது, இறங்கி நின்றதும்தான் பொலபொலவென்று ஊற்றும். இந்தச் சூட்சுமம் பிடிபட்டால் பாதிக் கவலை ஒழிந்தது. கடைசி ஒரு கிலோமீட்டரில் மிதியைத் தளர்த்திவிடுங்கள், ஆபீஸ் வாசலுக்கு வருவதற்குள் உடம்பு ஆறிவிடும். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுங்கள், சட்டை முதுகு தொப்பலாக நனைவதே அந்தப் பையால்தான். நாற்றமா? புது வேர்வைக்கு அநேகமாக வாசமே கிடையாது, தோலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்த பிறகுதான் நாறும், காலையில் குளித்துவிட்டுக் கிளம்புகிறவரை அது அவ்வளவு சீக்கிரம் அண்டாது. பழைய டி-ஷர்ட்டில் போய், ஈரத் துண்டால் துடைத்து, ஃபேனுக்கு அடியில் 10 நிமிடம் உட்கார்ந்து, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையை மாட்டிக்கொண்டு சீட்டுக்கு வரும்போது ஒரு புத்துணர்ச்சி இருக்கிறதே, அடடா! ஏசி காரில் வந்து இறங்குகிறவருக்கு அது கிடைக்காது, சத்தியமாகக் கிடைக்காது!

சரி, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் எப்படி என்று கேட்கிறீர்கள். நியாயமான பயம், உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் காரில் போகிற வழியிலேயே சைக்கிளிலும் போகவேண்டும் என்று யார் சொன்னது? எல்.பி. ரோட்டின் நெரிசல் எனக்கு எதற்கு? நான் கலாக்ஷேத்ரா சாலையில் புகுந்து, பெசன்ட் நகரின் குறுக்குத் தெருக்களில் நழுவி, பெசன்ட் அவென்யூவில் பிரம்மஞான சபையின் மதிலோரம் மர நிழலில் போகிறேன். அந்த மதிலுக்கு உள்ளேதான் அடையாறு ஆலமரம் இருக்கிறது, 1989 புயலில் தாய்மரம் சாய்ந்த பிறகும் விழுதுகளால் நின்றுகொண்டிருக்கிற அதே மரம். காலை வேளையில் அந்தப் பக்கம் போகும்போது காற்றே வேறு, பச்சை வாசனை, ஈரமண் வாசனை, எங்கேயோ ஒரு செண்பகம் விடாமல் கூவிக்கொண்டிருக்கும். காரில் இருந்த வருடங்களில் இந்தச் சாலையில் பறவை கூவும் என்பதே எனக்குத் தெரியாது!

பெரிய சாலை வரும் இடங்களில் என்ன செய்வது என்றால், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பயந்து பயந்து போகக்கூடாது. ஓரம்தான் ஆபத்து: அங்கேதான் மணலும் பள்ளமும், அங்கேதான் நிறுத்தி வைத்த காரின் கதவு படாரென்று திறக்கும். நிற்கிற வண்டிகளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நேர்கோட்டில், நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிகிற மாதிரி ஓட்டவேண்டும். திரும்பும் முன் பின்பக்கம் பார்த்து, கையை நன்றாக நீட்ட வேண்டும். ஸ்டாப்பில் ஒதுங்குகிற பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் நுழையக்கூடாது, பின்னாலேயே நின்றுவிட வேண்டும். சாயங்காலம் ஓட்ட, சைக்கிளின் முன்பக்கம் ஒரு வெள்ளை விளக்கு, பின்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு. கை நீட்டி, டிரைவரின் கண்ணைப் பார்த்து ஒரு தலையசைப்பு கொடுத்தால் மாநகரப் பேருந்து ஓட்டுநர்கூட வேகம் குறைத்து வழிவிடுகிறார், நம்புங்கள், அந்த நொடியில் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்!

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். திரு.வி.க. பாலம்! நீங்களே கற்பனை பண்ணிப் பாருங்கள், காலை ஏழரை மணி, வலது பக்கம் அடையாறு கடலோடு கலக்கிற முகத்துவாரம், வெயில் தண்ணீர் மேல் சாய்வாக விழுந்து தகதகவென்று கண்ணைக் கூச வைக்கிறது, தூரத்தில் ஒரு உடைந்த பாலம், நீர் வடிந்த நாளாக இருந்தால் சேற்றுத் திட்டில் கொக்குகளும் நெடுங்கால் உள்ளான்களும், அதிர்ஷ்டம் இருந்தால் மஞ்சள் மூக்கு நாரைகளும், ஒற்றைக் காலில் நிற்கிறவை, மூக்கை நீருக்குள் விட்டுத் துழாவுகிறவை, சும்மா சிறகை உதறுகிறவை, இந்தப் பக்கம் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு இன்ச் இன்ச்சாக நகர்கின்றன, நான் மட்டும் ஏற்றத்தை மூச்சு வாங்க மிதித்து முடித்து, பாலத்தின் நடு முதுகில் ஒரு கணம் மிதிப்பதை நிறுத்துகிறேன், ஃப்ரீவீல் கிர்ர்ர்ர் என்று பாட ஆரம்பிக்கிறது, சைக்கிள் தானாகவே இறங்குகிறது, கடற்காற்று சட்டைக்குள் புகுந்து படபடக்கிறது, பள்ளிக்கூட மணி அடித்ததும் கேட்டைத் தாண்டி ஓடிவருகிற பையன் மாதிரி எனக்குள் ஏதோ ஒன்று குதிக்கிறது, நாற்பது வயது தாண்டியவன் நடு ரோட்டில் வாய்விட்டு "ஹோ!" என்று கத்துகிறேன், ஆமாம் கத்துகிறேன், பக்கத்து ஆட்டோவில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்த்துச் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன்! ஆற்று வாடை சில நாள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்தான், அதை விடுங்கள், ஆபீஸுக்குப் போகிற வழியில் இப்படி ஒரு இறக்கம் யாருக்குக் கிடைக்கும்?

அதற்கப்புறம் மந்தைவெளி, மயிலாப்பூர். மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்து, ஒருவழியாக்கி, சுற்றிவிட்டு, கார்க்காரர்கள் தலையில் கை வைத்துக்கொள்ளும் பகுதி. சைக்கிளுக்கு என்ன கஷ்டம்? அடைத்த இடத்தில் இறங்கி நான்கு எட்டு தள்ளிக்கொண்டு போனால் தெரு திறந்துவிடும். தெற்கு மாட வீதியில் அப்போதுதான் இறக்கிய கொத்தமல்லிக் கட்டின் வாசனை, மல்லிகைக் கூடையின் வாசனை, காப்பிக்கொட்டை வறுக்கிற மணம், இவை ஒன்றன்பின் ஒன்றாக மூக்கில் ஏறும்போது மனசு நிறைந்துவிடுகிறது. லஸ் தாண்டி ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஏறினால் ஆபீஸ் வந்துவிட்டது. மொத்தம் 9 கிலோமீட்டர் சொச்சம், அலட்டிக்கொள்ளாமல் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தாலும் 40 நிமிடத்துக்குள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போக வர இரண்டு நாளிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது, ஜிம்முக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை!

மழைக்கு இரண்டே வார்த்தை: மட்கார்டு, பிளாஸ்டிக் உறை. ஐப்பசி, கார்த்திகையில் தெரு நிறையத் தண்ணீர் நின்றால் அடியில் மேன்ஹோல் இருப்பது தெரியாது, அன்றைக்கு சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் பறக்கும் ரயிலில் திருமயிலை வரை போய்விடுங்கள், ஒன்றும் குற்றமில்லை. பஞ்சர்? டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருக்கும், அந்த அளவு குறையாமல் வைத்திருந்தால் பாதிப் பஞ்சர் வரவே வராது. "காத்து கம்மியா ஓட்டாதே தம்பி, ட்யூப் கடிபடும்" என்று எங்கள் தெருமுனைக் கடைப் பெரியவர் எனக்குச் சொன்னார். அவர் ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கிக் குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, ஒட்டுப் போடுவதைப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பதே எனக்கு ஒரு சந்தோஷம்.

கடைசியில் அந்தக் குரல் தாழ்த்திய கேள்வி. கௌரவம்! இதைக் கேட்டால்தான் எனக்கு ரத்தம் சூடேறுகிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், வயலில் நாற்று நட்ட பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஊரே கேலி பேசியபோதும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள், லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள், அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போனார்கள்! 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் என்று தொடங்கிய அரசுத் திட்டம் பிறகு அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் 1 படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது, எத்தனை வீட்டுப் பெண் பிள்ளைகளின் படிப்பு அந்த இரண்டு சக்கரத்தில் ஓடியிருக்கிறது! அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் ஆரம்பித்த காலத்திலிருந்து சைக்கிள் செய்கிற ஊர் இது. இந்த ஊரில் சைக்கிள் ஏற நான் எதற்குக் கூச்சப்பட வேண்டும்? எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் அண்ணன் என் சைக்கிளுக்கு நிழல் பார்த்து இடம் பிடித்து வைத்திருக்கிறார், காலையில் அதைப் பார்க்கும்போதே எனக்குப் பெருமை பொங்குகிறது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், கத்திரி வெயிலில் திரும்பும் வழி கொஞ்சம் கடுமைதான். ஆனால் ஆறு மணிக்குக் கிளம்பினால் தெற்கே போகப் போகக் கடற்காற்று எதிரே வந்து தள்ளும், மிதி கனக்கும், உடம்பெல்லாம் குளிரும், எனக்கு அதுவும் பிடிக்கும்!

இப்போது பக்கத்து சீட்டு நண்பர், முதலில் வேர்வையைப் பற்றிக் கேட்ட அதே மனுஷர், "எந்த சைக்கிள் வாங்கலாம்?" என்று ஆரம்பித்திருக்கிறார். கியர் வேண்டுமா, விலை உயர்ந்ததா என்று இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம், வீட்டு மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடப்பதை எடுத்து இரண்டு பிரேக்கையும் பார்த்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, காற்றடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி, சாலை காலியாக இருக்கும், ஆபீஸ் வரை ஒரு ஒத்திகை. நீங்களும் வாருங்களேன், கலாக்ஷேத்ரா சாலை முனையில் நிற்கிறோம், போகும் வழியில் மயிலாப்பூரில் காப்பி என் செலவு!