விழப்போய் நின்ற சொட்டு

பீங்கான் கோப்பையின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டால் வீட்டில் என்ன செய்வீர்கள்? விருந்தாளிகள் கண்ணில் படாமல் உள்ளே தள்ளுவீர்கள். அப்புறம் அதில் பேனா போட்டு வைப்பீர்கள். ஜப்பானில் ஒருவர் பிய்ந்த விளிம்போடுதான் பாத்திரமே செய்கிறார். அருங்காட்சியகங்கள் அதை வாங்கி வைக்கின்றன!

பெயர் கட்டோ சுபுசா. 1962-ல் கிஃபு மாகாணத்தின் தஜிமியில் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாகச் சூளை எரியும் ஊர். ஆனால், மனுஷர் மண்ணை நியூசிலாந்திலிருந்து வரவழைக்கிறார். அவ்வளவு வெள்ளை அது. பீங்கான் மண் சண்டித்தனம் பிடித்தது. இழுத்தால் கிழியும், காய்ந்தால் வெடிக்கும், சூளையில் வளையும். மற்றவர்கள் இதையெல்லாம் தவிர்க்கப் படாதபாடு படுவார்கள். இவர் கிழிசலை அப்படியே விட்டு, மேலே 'கிளேஸ்' என்கிற கண்ணாடிப் பூச்சைத் தாராளமாக ஓடவிடுகிறார். இந்த வகைப் பூச்சில் இரும்பு துளியூண்டுதான். பிராணவாயு குறைந்த சூளையில் வேகும்போது அதுவே இளநீலமாகிவிடுகிறது. மெலிந்த இடத்தில் வெள்ளை, தேங்கிய இடத்தில் நீலம், விளிம்பில் விழப்போய் அப்படியே நின்றுவிட்ட ஒரு சொட்டு.

இதே நீலவெண் பூச்சை கியோட்டோவில் 1947-ல் பிறந்த ஃபுகாமி சுவேஹரு கையாண்டிருப்பதையும் பாருங்கள். 1985-ல் இத்தாலியின் ஃபாயென்ஸா போட்டியில் பெரும் பரிசு பெற்றவர். பீங்கான் குழம்பைக் காற்றழுத்தத்தால் அச்சுக்குள் செலுத்தி, கத்தி முனை மாதிரி வார்ப்பார். ஒரு சுருக்கம் கிடையாது. பிரமிப்புதான். ஆனால், தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. கட்டோவிடம் தோன்றுகிறது. மண் என்ன பாடுபட்டது என்பது அங்கே தெரிகிறது.

அதற்காக கட்டோ செய்ததெல்லாம் அற்புதம் என்று சொல்ல மாட்டேன். விபத்தைத் திரும்பத் திரும்ப வரவழைத்தால் அதற்குப் பெயர் ஸ்டைல். சில பெரிய படைப்புகளில் கிழிசல்கள் 'என்னைப் பார்' என்று கூப்பிடுகின்றன. தேநீர்க் கிண்ணங்களில்தான் அவர் ஜெயிக்கிறார். காரணம் சிம்பிள். உதடு வைத்துக் குடிக்க ஓர் இடம் விட்டாக வேண்டும். எவ்வளவு கிழிக்கலாம் என்பதற்கு அங்கே ஓர் எல்லை வந்துவிடுகிறது.

நான் காமர்ஸ் படித்தவன். சேதாரத்தை நஷ்டக் கணக்கில் எழுதித்தான் பழக்கம். இந்தக் கிண்ணங்களை எந்தப் பக்கம் எழுதுவது என்று குழப்பமாக இருக்கிறது.

உடனே உங்கள் பேனாக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அது கை தவறி உடைந்தது. கட்டோவுடையது, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை உடைத்தது.