பால்மே கொலை வழக்கில் கண்கண்ட சாட்சியம்: ஒரு மதிப்பீடு

சுவீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே 1986 பிப்ரவரி 28 இரவு தலைநகர் ஸ்டாக்ஹோமில் சுட்டுக் கொல்லப்பட்டார். இக்கொலைக்காக ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, அதே ஆண்டில் அது நீக்கப்பட்டது. இரண்டு தீர்ப்புகளுக்கும் மையமாக இருந்தது ஒரே சாட்சியம். கண்ணால் கண்டவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஆராய இவ்வழக்கு நல்ல சான்று.

நிகழ்வு

அன்று பால்மே மெய்க்காவலர் இல்லாமல், மனைவி லிஸ்பெத்துடன் திரைப்படம் பார்த்துவிட்டு நடந்தே வீடு திரும்பிக்கொண்டிருந்தார். இரவு 11.21 மணியளவில் ஸ்வேயாவேகன் சாலையில் பின்னாலிருந்து நெருங்கிய ஒருவன் சுட்டான். ஒரு குண்டு பால்மேயின் முதுகில் பாய்ந்தது. மற்றொன்று லிஸ்பெத்தை உரசிச் சென்றது. கொலையாளி அருகிலிருந்த தெருவுக்குள் ஓடி, அதன் கோடியிலுள்ள படிக்கட்டில் ஏறி மறைந்தான். துப்பாக்கி கிடைக்கவில்லை. அங்கிருந்த பெரும்பாலோர் கண்டது ஓடும் ஒருவனின் உருவத்தையே. எனவே லிஸ்பெத்தின் சாட்சியம் வழக்கின் அச்சாணி ஆனது.

அடையாள அணிவகுப்பு

1988 டிசம்பரில் கிறிஸ்டர் பெட்டர்சன் என்பவர் கைது செய்யப்பட்டார். குடிப்பழக்கம் உள்ளவர், 1970இல் ஒருவரைக் குத்திக் கொன்றதற்காகத் தண்டனை பெற்றவர். பன்னிரண்டு ஆண்கள் கொண்ட காணொளி அணிவகுப்பு லிஸ்பெத்துக்குக் காட்டப்பட்டது. அதில் பெட்டர்சன் எட்டாம் எண். லிஸ்பெத் அவரையே அடையாளம் காட்டினார்.

இங்கேதான் சிக்கல். சந்தேக நபர் குடிகாரர் என்பது லிஸ்பெத்துக்கு முன்னதாகவே தெரிவிக்கப்பட்டிருந்தது. யார் குடிகாரர் என்பது பார்த்தாலே தெரிகிறது என்ற பொருளில் அவர் அப்போது ஒரு கருத்தும் சொன்னார். அப்படியானால் அவர் தேர்ந்தெடுத்தது அன்றிரவு கண்ட முகத்தையா, வரிசையில் குடிகாரராகத் தோன்றிய முகத்தையா? இக்கேள்விக்கு அவராலும் விடை சொல்ல இயலாது.

தேர்வுக்கு முன்பே விடை கசிந்துவிட்டால், மாணவர் சரியாக எழுதினாலும் அது அவர் அறிந்ததா, கசிந்ததா என்று சொல்ல முடியாது. பள்ளியில் மறுதேர்வு வைக்கலாம். நினைவுக்கு மறுதேர்வு இல்லை. அடுத்த முறை பார்க்கும்போது, காணொளியில் கண்ட முகமே பழகிய முகமாகத் தோன்றும்.

இரு தீர்ப்புகள்

1989 ஜூலையில் ஸ்டாக்ஹோம் மாவட்ட நீதிமன்றம் பெட்டர்சனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பொதுமக்களிலிருந்து அமர்த்தப்பட்ட ஆறு உறுப்பினர்கள் தண்டிக்கலாம் என்றனர். சட்டம் பயின்ற இரு நீதிபதிகள் உடன்படவில்லை. ஆறு பேரும் சாட்சியின் உறுதியை எடைபோட்டனர், இருவரும் அந்த உறுதி பிறந்த விதத்தை எடைபோட்டனர் என்றே இதைப் புரிந்துகொள்ளத் தோன்றுகிறது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருமனதாக விடுதலை செய்தது. ஆயுதம் இல்லை, தெளிவான நோக்கம் இல்லை, அடையாளம் காட்டிய முறையில் குறை என்பவை முக்கியக் காரணங்கள். மறுவிசாரணைக் கோரிக்கையை 1998இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பெட்டர்சன் 2004இல் இறந்தார்.

மதிப்பீடு

கணவர் உயிர் பிரிவதை அருகிருந்து கண்டவர் அந்த முகத்தை மறப்பாரா என்று கேட்பது இயல்பு. ஆனால் உளவியல் ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. கடும் அச்சம் முகத்தை நினைவில் பதிக்கும் திறனைக் குறைக்கக்கூடும். நினைவு புகைப்படம் போன்றதும் அன்று. பின்னர் கேட்ட செய்தி அதனுள் கலந்துவிடும் என்பதை எலிசபெத் லோஃப்டஸ் 1970களிலேயே சோதனைகள் மூலம் காட்டினார். அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் விடுவிக்கப்பட்டோரின் வழக்குகளில் பெரும்பான்மையானவற்றில் தவறான அடையாளம் காட்டல் இடம்பெற்றிருந்தது. அந்தச் சாட்சிகளில் பலர் மனமறிந்து பொய் சொன்னவர்கள் அல்லர்.

கண்ணால் காண்பதும் பொய் என்பது நம் பழமொழி. இவ்வழக்கில் ‘பொய்’ என்ற சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். லிஸ்பெத் பொய் சொன்னார் என்று கருத எந்த ஆதாரமும் இல்லை. நேர்மை வேறு, துல்லியம் வேறு. அதுபோலவே, விடுதலைத் தீர்ப்பு பெட்டர்சன் குற்றம் செய்யவில்லை என்பதற்கான நிரூபணமும் அன்று. அவர் குற்றவாளியா என்பதைச் சோதிக்க இருந்த சிறந்த வழி கெட்டுப்போனது என்பதே நாம் சொல்லக்கூடியது. அந்த இழப்பு பெட்டர்சனுக்கு மட்டுமன்று, லிஸ்பெத்துக்கும் சுவீடன் மக்களுக்கும் நேர்ந்தது. 2020இல் அரசு வழக்கறிஞர், இறந்துபோன வேறொருவரைச் சந்தேகத்துக்குரியவர் என அறிவித்து விசாரணையை முடித்தார். இறந்தவர் மீது வழக்கு நடத்த முடியாததால் அந்தக் கூற்று நீதிமன்றத்தில் சோதிக்கப்படவே இல்லை.

எந்த வழக்கைப் படிக்கும்போதும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். சாட்சி எவ்வளவு நேரம், எந்த வெளிச்சத்தில் பார்த்தார்? பார்த்ததற்கும் அடையாளம் காட்டியதற்கும் இடையில் எவ்வளவு காலம்? அந்த இடைவெளியில் அவருக்கு யார் என்ன சொன்னார்கள்? பால்மே வழக்கு சரிந்தது மூன்றாவது கேள்வியில்.