மக்ரீனாவிடம் கேட்கப்படாத வினா

நரகத்திற்கு முடிவு உண்டா? ஆதிக் கிறிஸ்தவ அறிஞருள் 'உண்டு. ஈற்றில் அனைவரும் ஈடேறுவர்' எனும் கருத்தால் பெரும்பெயரும் பெரும்பழியும் ஒருங்கே பெற்றவர் அலெக்சாந்திரியாவின் ஓரிகன். அவர் மறைந்து ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து, 553இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கம் அவர் பெயரைச் சாபத்துக்குரியோர் வரிசையில் சேர்த்தது. ஆயின், அதே முடிவை எழுதிவைத்த நீசாவின் கிரகோரியாரோ இன்றளவும் புனிதராகவே போற்றப்படுகிறார். அவருடைய 'ஆன்மாவும் உயிர்த்தெழுதலும்' என்னும் உரையாடல் நூலைப் படிப்போர்க்கு இம்முரண் வியப்பளிக்கும்.

379ஆம் ஆண்டளவில், தமையனார் பசிலியாரை இழந்த துயரோடு தமக்கை மக்ரீனாவைக் காணச் செல்கிறார் கிரகோரியார். அம்மையாரும் மரணப்படுக்கையில்! தம்பி ஐயங்களை அடுக்க, தமக்கை ஆசிரியராய் நின்று விடை பகர்கிறார். பிளேட்டோ சாக்ரட்டீசுக்கு அளித்த இருக்கையில் ஒரு பெண்ணை அமர்த்திய துணிவுக்காகவே இந்நூலைப் பாராட்டலாம்.

இறைவன் பழிவாங்குபவன் அல்லன் என்பது அம்மையார் வாதம். அவன் ஆன்மாவைத் தன்பால் இழுக்கிறான். தீமை ஒட்டியிருப்பதால் அது நோகிறது. களிமண் அப்பிய கயிற்றைச் சிறு துளைவழியே இழுத்தால் மண் துளைவாயிலேயே தங்கிவிடும். கயிறு மட்டும் வெளிவரும். பொன்னின் மாசைத் தீ எரிப்பதும் அவ்வாறே. நோவின் காலம் தீமையின் அளவைப் பொறுத்தது. அளவுள்ளதற்கு முடிவும் உண்டன்றோ?

எட்டாம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்திநோபிளின் தலைமைக் குரு ஜெர்மானுஸ், இத்தகைய பகுதிகள் பிறர் செய்த இடைச்செருகல் என்றார். ஏற்பதற்கில்லை. இக்கருத்தை நீக்கினால் உரையாடலே நில்லாது. மேலும், கிரகோரியாரின் 'பேருபதேசம்' சைத்தானுக்கும் குணம் உண்டென்கிறது. பெரியாரைக் காப்பதற்காக அவர் நூலின்மேல் பழிபோடுவது எல்லாச் சமயத்தாரிடமும் உள்ள வழக்கம் போலும்!

நாம் காணும் குறை வேறு. இயேசு கூறிய செல்வன், இலாசர் கதையும் இவ்வுரையாடலில் வருகிறது. செல்வன் வாயிலில் புண்ணோடும் பசியோடும் கிடந்தவர் இலாசர். அம்மையாரோ அக்கதையிலிருந்து, ஆன்மா உடற்பற்றை விடவேண்டும் என்ற பாடத்தையே எடுத்துக்கொள்கிறார். செல்வன் தூய்மையுறட்டும், இலாசருக்கு அவன் பட்ட கடன் எங்கே தீரும்? மண் தான் ஒட்டிய கயிற்றை மட்டுமே மாசுபடுத்துகிறது. மனிதன் இழைத்த கொடுமையோ இன்னொருவன் முதுகில் தழும்பாய்க் கிடக்கிறது. பிரசங்கி ஆகமத்தின் விரிவுரையில், மனிதனை மனிதன் விலைபேசும் அடிமை முறையைக் கடுமையாகச் சாடியவர் இதே கிரகோரியார். அக்குரல் தமக்கையின் படுக்கையருகே எழவில்லை. எத்தனையோ ஐயங்களைக் கேட்ட தம்பி இதை மட்டும் கேட்கவில்லை.