ஷாராகுவின் கபுகி நடிகர் அச்சோவியங்கள்: ‘மெய்ம்மை’ என்னும் விளக்கம் குறித்த மறுநோக்கு

முன்னுரை

ஜப்பானின் எடோ நகரில் கபுகி நடிகர்களின் உருவங்களை மரப்பலகையில் செதுக்கி அச்சிட்டு விற்பது பெருவணிகமாக விளங்கியது. ஓவியர் வரைய, செதுக்குநர் செதுக்க, அச்சிடுநர் வண்ணமேற்ற, பதிப்பாளர் முதலிட்டு விற்கும் கூட்டுப்படைப்பு அது. இத்துறையில் 1794ஆம் ஆண்டு திடீரெனத் தோன்றி, ஏறத்தாழப் பத்து மாதங்களில் 140க்கும் மேற்பட்ட ஓவியங்களை அளித்து மறைந்தவர் தோஷுசாய் ஷாராகு. நடிகர்களை உள்ளவாறே வரைந்தமையால் அவர் நிலைக்கவில்லை என்னும் கருத்து பரவலாக உள்ளது. அக்கருத்தை அவருடைய ஓவியங்களைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கத்தின் மூலம்

இக்கருத்திற்கு அடிப்படை, எடோ எழுத்தாளர் ஓதா நான்போவின் குறிப்பாகும். மெய்ம்மையை மிகுதியும் வரைய முற்பட்டதால் இயல்பல்லாத தோற்றங்களை வரைந்தார் என்பதே அதன் சாரம். பின்வந்தோர் இதன் முற்பகுதியையே பெரிதும் எடுத்தாண்டனர். ‘இயல்பல்லாத தோற்றம்’ என்னும் பிற்பகுதி உரிய கவனம் பெறவில்லை.

ஓவியங்கள் தரும் சான்று

பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோ முதற்கட்டத்தில் வெளியிட்ட 28 ஓவியங்களும் அப்பிரகத் தூள் மின்னும் கரும்பின்னணியில் அமைந்த மார்பளவு உருவங்கள். அவற்றுள் புகழ்பெற்றது, மூன்றாம் ஓதானி ஒனிஜி எடோபெய் என்னும் பாத்திரத்தில் தோன்றும் ஓவியம். பணத்தைப் பறிக்க வந்த அடியாள் அவன். முன்நீண்ட முகம், இறுகிய வாய், ஆடையினின்று வெளிப்பட்டு விரிந்த விரல்கள் ஆகியன அக்கணத்தின் வேகத்தை உணர்த்துகின்றன. ஆனால் அக்கைகள் முகத்தின் அளவிற்குப் பொருந்தாமல் மிகச் சிறியனவாக உள்ளன. உள்ளதை உள்ளவாறே வரைபவரின் கைகள் அல்ல இவை. பாத்திரத்தின் வெறியை முகத்தில் குவிப்பதற்காக உடலின் அளவு விட்டுக்கொடுக்கப்பட்டுள்ளது.

பெண்வேட நடிகரின் ஓவியங்கள் இதற்கு மறுபுறமாக அமைகின்றன. 1629இல் பெண்கள் மேடையேறத் தடை விதிக்கப்பட்டபின், காலப்போக்கில் ஆண்களே பெண்பாத்திரங்களை ஏற்றனர். இரண்டாம் செகாவா தோமிசாபுரோவின் உருவில் ஆடையும் தலைக்கோலமும் பெண்ணுக்குரியன. முகத்திலோ ஆணின் சாயல் மறைக்கப்படவில்லை. முன்னதில் பாத்திரம் உடலை மாற்றுகிறது. பின்னதில் உடல் பாத்திரத்தை மீறித் தெரிகிறது. இரண்டிலும் ஓவியர் காட்டுவது நடிகருக்கும் பாத்திரத்திற்கும் இடையிலான இழுபறியையே.

வாங்குவோரின் எதிர்பார்ப்பு

அதே 1794இல் உதாகாவா தோயோகுனி தொடங்கிய ‘மேடையில் நடிகர்களின் தோற்றங்கள்’ என்னும் வரிசை நடிகரைப் பொலிவுடன் நிறுத்தியது; அது வரவேற்பும் பெற்றது. விருப்ப நடிகரின் நினைவாக ஓவியம் வாங்கியவர் நாடியது அப்பொலிவையே. ஷாராகுவின் இரண்டாம் கட்டத்தில் மார்பளவு உருவங்கள் முழு உருவங்களுக்கு இடம்விட்டமையும் இங்கு எண்ணத்தக்கது. எனினும், பிற்கால ஓவியங்களில் காணப்படும் தளர்ச்சியைச் சந்தையின் மீது மட்டும் சுமத்த இயலாது. குறுகிய காலத்தில் அத்துணை ஓவியங்களை வரைய நேர்ந்த விரைவும் அதற்குக் காரணமாகலாம்.

முடிவுரை

ஷாராகுவை ‘மெய்ம்மை ஓவியர்’ எனச் சுருக்குவது, அவருடைய மிகைப்படுத்தலைக் காணாது விடுவதாகும். நான்போவின் குறிப்பை முழுமையாக வாசிப்பின், மெய்ம்மையும் மிகையும் அவரிடம் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது பெறப்படும். 1910இல் ஜெர்மானியர் யூலியுஸ் குர்த்தின் நூல் வழியாக மேலைநாட்டில் பெரும்புகழ் எய்திய இவ்வோவியரை மதிப்பிட, அவர் மறைந்த புதிரைவிட அவர் வரைந்த கைகளே உறுதியான சான்றாகும்.